ஹலோ அக்காவின் கடல்

ஏழாவது வரிசையின் கடைசி வீட்டுக்கு இன்டர்காமில் கூப்பிட்டால், முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார். “ஹலோ, வணக்கம், சொல்லுங்க.” கேட் காவலாளியாக இருந்தாலும் சரி, தப்பான எண்ணை அழுத்திவிட்டுத் திருதிருவென்று விழிக்கும் பக்கத்து வரிசைக் குழந்தையாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் அதே வழுவழுப்பான குரல்தான். குடிவந்த மூன்றாவது வாரமே அவருக்கு ‘ஹலோ அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அறுபதைத் தொடும் வயதில் புதுப்பெயர் கிடைத்ததில் அவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர் அவர். ஜன்னல் இல்லாத அறை. காதில் ஹெட்போன், முன்னால் மினுக் மினுக்கென்று விளக்குகள். வார்டு எண் தெரியாமல் அழுகிறவர்கள், குழந்தை பிறந்துவிட்டதா என்று தவிக்கிறவர்கள், டாக்டரைத் திட்ட முடியாமல் ஆபரேட்டரைத் திட்டுகிறவர்கள். எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: “லைன்லயே இருங்க.” சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் கடல் படம். வருஷம் முடிந்தபோது தேதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அது அங்கேயே வெளுத்துக்கொண்டிருந்தது.

கணவர் கப்பலில் என்ஜினியர். கடைசிப் பத்து வருஷம் சீஃப் என்ஜினியர். அதனால் குடியிருப்பில் அவரை எல்லோரும் ‘சீஃப்’ என்றே அழைத்தார்கள். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு என்று ஓடிய தாம்பத்தியம். எந்தத் துறைமுகத்திலிருந்தோ அவர் கூப்பிடுவார். நடுவில் பாதி வார்த்தைகளைக் காற்று தின்றுவிடும். அப்படி ஒரு கரகரப்பான அழைப்பில்தான் அவர் கேட்டார்:

“ரிட்டயர் ஆனதும் எங்க இருக்கலாம்னு நினைக்கிற?”

“கடல் பக்கம்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அக்கா. அறுந்திருக்கவில்லை என்பது அவருக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்படித்தான் அவர்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில், முன்னால் தூக்கி இறக்கும் கட்டை போட்ட பெரிய கேட், நடுவே நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும். பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கேட். அதில் கார்டைத் தேய்த்தால் ‘கிளிக்’கென்று திறக்கும். அதைத் தாண்டி நானூறு அடி நடந்தால் கடல். அங்கே உல்லாசப் படகுத் துறை, கண்ணாடிக் குகை வைத்த மீன் காட்சியகம், டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கும் கலங்கரை விளக்கம், சறுக்கு மரங்கள் வளைந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ப் பூங்கா. வார இறுதியில் ஜே ஜே என்று கூட்டம் அலைமோதும். வார நாட்களின் காலையில் அவ்வளவும் துடைத்துவிட்டாற்போலக் கிடக்கும். யாருமற்ற சறுக்கு மரங்கள் மெல்லிய வெயிலில் ஏதோ பெரிய பிராணியின் எலும்புகள் மாதிரி நிற்கும்.

சாமான்கள் இறக்கிய அன்றே சீஃப் செய்த முதல் வேலை, கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தியது. மறுநாள் கடைக்குப் போய் ரப்பர் பட்டை வாங்கிவந்து, இடுக்கு விடாமல் ஒட்டினார். அதற்கு மேல் கனமான திரை.

“என்னங்க இது, காத்துக்குத்தானே இங்க வந்தோம்?” என்றார் அக்கா.

“சத்தம்” என்றார் சீஃப். “முப்பத்திமூணு வருஷம் கேட்டாச்சும்மா. போதும்.”

அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆசைப்பட்டது அக்கா. ஒத்துக்கொண்டது அவர். தன்னால்தான் அவருக்கு இந்தத் தொந்தரவு என்ற எண்ணம் ஒரு முள்ளாக உள்ளே உட்கார்ந்துகொண்டது. சீஃப் வாசல் பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். அங்கேயும் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. காலையில் கண் இரண்டும் சிவந்து, காபி டம்ளரைப் பிடித்தபடி எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா காலையில் நடக்கப் போனார். முதலில் மதிலை ஒட்டிய நடைபாதையில். பிறகு பின் கேட் வரைக்கும். பிறகு ஒருநாள் ‘கிளிக்’.

கடலை அவர் அதற்கு முன் இரண்டே தடவை பார்த்திருந்தார், இரண்டும் அவசரத்தில். இப்போது அவசரம் இல்லை. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் நீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இருக்காது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும்போது பூமி பின்னால் வழுக்கிக்கொண்டு போவது போலவும், தான் மட்டும் நின்ற இடத்தில் மிதப்பது போலவும் இருக்கும். அரைமணி நேரம் போனதே தெரியாது. வீட்டுக்கு வந்தபிறகும் சமையலறைத் தரை லேசாக ஆடும்.

“முழுசா உள்ளே போனா எப்படி இருக்கும்?” என்று ஒருநாள் நீச்சல் டீச்சரிடம் கேட்டார்.

நீச்சல் டீச்சர் என்பது கிளப் ஹவுஸ் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். இருபத்தாறு வயது இருக்கும். எப்போதும் கழுத்தில் விசில், தலையில் ஈரம். குழந்தைகளை அதட்டியே தொண்டை கட்டிப்போனவள்.

“நீச்சல் தெரியுமா ஆன்ட்டி?”

“பக்கெட் தண்ணிதான் தெரியும்.”

அவள் சிரித்துவிட்டாள். “நாளைக்கு வாங்க. பசங்க வர்றதுக்கு முன்னாடி.”

பத்து நாள் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துப் படுக்க வைப்பாள். கையை எடுத்த மறு நொடி அக்கா மடங்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு எழுந்து நிற்பார்.

“கழுத்தை விடுங்க ஆன்ட்டி. உங்க பயமெல்லாம் கழுத்துலதான் இருக்கு. யாரோ கூப்பிடற மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டே இருக்கீங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷமாக ஹெட்போன் பக்கம் சாய்ந்தே பழகிய கழுத்து அது. பதினோராம் நாள் கண்ணை மூடி, பின்னந்தலையைத் தண்ணீரிடம் ஒப்படைத்தார். இரண்டு காதுகளும் மூழ்கின. உலகம் ஸ்விட்சை அணைத்தது போல நின்றுபோயிற்று. யாரும் கூப்பிடவில்லை. யாரையும் யாரோடும் இணைக்க வேண்டியதில்லை. எங்கோ தூரத்தில் தன் மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது. கண்ணைத் திறந்தபோது மேலே ஒரு மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அது நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று புரியவில்லை. டீச்சரின் கை எப்போதோ விலகியிருந்தது.

அதற்கப்புறம் டீச்சரே அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனாள். படகுத் துறைக்கு இந்தப் பக்கம், கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நீளமான ஒரு மணல்திட்டு உண்டு. பெரிய அலைகள் அதில் மோதி உடைந்துவிடும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஏரி மாதிரி அசைவின்றிக் கிடக்கும். அங்கே மிதப்பது குளத்தில் மிதப்பதைவிடச் சுலபம். உப்புநீர் கையில் ஏந்துவது போலத் தாங்கியது.

“நான் இல்லாத நாள்ல இடுப்புக்கு மேல போகக் கூடாது, ஆமா” என்று டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தாள். அக்கா தலையாட்டியிருந்தார்.

இதெல்லாம் சீஃபுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அக்கா நினைத்தார். ஈரத்தலையோடு வந்தால் “கிளப் ஹவுஸ்லயே குளிச்சிட்டேன்” என்பார். கடலென்றாலே ஆகாத மனுஷரிடம் போய், நான் தினமும் அதில் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. டீச்சர் விடுப்பில் போயிருந்த ஒரு புதன்கிழமை. அக்கா தனியாகத்தான் வந்தார். சொன்ன சொல்லை மீறாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து மிதந்தார். காது மூழ்கியது. கண்ணும் மூடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் இமைகளுக்கு வெளியே வெளிச்சம் மாறியது போலிருந்தது.

கண்ணைத் திறந்தார். வானம் இல்லை.

எழுந்து நின்றார். கால் தரையைத் தொட்டது, ஆனால் தண்ணீர் மார்பு வரை இருந்தது. சுற்றிலும் வெள்ளை. கடலிலிருந்து மூடுபனி உள்ளே ஏறியிருந்தது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. கரை, படகுத் துறை, கலங்கரை விளக்கம் ஒன்றும் இல்லை. அலைச் சத்தத்தை வைத்துக் கரையைக் கண்டுபிடிக்கலாம் என்று காதைத் தீட்டினார். பின்னாலும் அலை, முன்னாலும் அலை. ஒரு பக்கம் உடைவது கரையில், மறுபக்கம் உடைவது மணல்திட்டில். எது எது?

நான்கு அடி வைத்தார். தண்ணீர் தோள் வரை வந்தது. திரும்பி நான்கு அடி வைத்தார். கால் ஒரு பள்ளத்தில் இறங்கி, உதட்டில் உப்புப் பட்டது. பதறிப்போய்ப் பின்வாங்கி, பழைய இடத்துக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றார். விசித்திரமாக, பயம் உடனே வரவில்லை. அந்த வெள்ளை அவ்வளவு அழகாக இருந்தது. பஞ்சுக்குள் சுற்றி வைத்த மாதிரி. இங்கேயே மிதந்துகொண்டிருந்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது.

அதே நேரம் சீஃப் வீட்டில் எழுந்து வாசல் கதவைத் திறந்திருந்தார். எதிர்வீடு இல்லை. தெரு விளக்குக் கம்பம் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு சமையலறைக்குப் போய், மாவு பிசையும் பெரிய எவர்சில்வர் தட்டையும் இருப்பதிலேயே கனமான கரண்டியையும் எடுத்துக்கொண்டு, போட்டிருந்த இரவு உடையோடு நடந்தார். பின் கேட்டில் கார்டைத் தேய்த்தார். திறக்கவில்லை. மறுபடியும் தேய்த்தார்.

“சார், உங்க கார்டு இதுல வேலை செய்யாது” என்று பனிக்குள்ளிருந்து காவலாளியின் குரல் வந்தது. “நீங்கதான் பீச் கேட்டுக்குப் பதிவே பண்ணலையே.”

“திறங்க.”

“அது இல்ல சார், ரூல்ஸ்...”

“என் வீட்டம்மா தண்ணியில இருக்கா. திறங்க.”

காவலாளி தட்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், தன் கார்டைத் தேய்த்தார்.

அக்காவின் காதில் முதலில் விழுந்தது ஏதோ பாத்திரக் கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம். டணடணடணவென்று நாலைந்து நொடி. பிறகு நிசப்தம். மனசு அறுபது வரை எண்ணியது. மறுபடியும் டணடணடண. மறுபடியும் நிசப்தம். ஒழுங்கான இடைவெளி. தெரிந்துதான் யாரோ அடிக்கிறார்கள். அவருடைய காது தேர்ந்த காது. எத்தனையோ இரைச்சலுக்கு நடுவே ஒற்றை மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடும். சத்தம் இடப்பக்கம், கொஞ்சம் பின்னால். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

“ஹலோ...!”

தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஹலோ, யார் பேசறது?” என்று அக்கா கத்தினார்.

“உன் வீட்டுக்காரன் பேசறேன்!” என்றது பனி. “லைன்லயே இரு! வைக்காதே!”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “லைன்லதான் இருக்கேன்!”

“பேசிக்கிட்டே வா. நான் அடிச்சிக்கிட்டே இருக்கேன். பள்ளம் வந்தா படுத்துக்கோ, நடக்காதே. மிதக்கத்தான் தெரியுமே உனக்கு.”

தெரியுமே உனக்கு. அந்த நிலையிலும் அது அக்காவின் காதில் தைத்தது. பள்ளம் வந்தது. பின்னந்தலையைத் தண்ணீரில் சாய்த்து, ஒரு காதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்து நகர்ந்தார். டணடண. “ஹலோ.” டணடண. “இருக்கேன், வா.” முதுகில் மணல் உரசியதும் கை ஒன்று வந்து தோளைப் பிடித்தது. முட்டி வரை தண்ணீரில், நசுங்கிப்போன தட்டோடு சீஃப் நின்றிருந்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஈர மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். காவலாளி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அக்காவின் மேல் போர்த்திவிட்டு, பார்க்காத மாதிரி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

“எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“துண்டுல உப்பு வாசனை. எனக்குத் தெரியாதா அது?”

“எப்போலேர்ந்து?”

“முதல் நாள்லேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“நீ ஏன் சொல்லலை?”

பனி மெல்ல மெல்ல அசைந்தது. தண்ணீரின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்து மறைந்தது.

“உங்களுக்குத்தான் கடலே பிடிக்காதே” என்றார் அக்கா. “முப்பத்திமூணு வருஷம் பார்த்தது போதும்னீங்களே.”

“பார்த்ததா யார் சொன்னா? கேட்டதுன்னு சொன்னேன்.” சீஃப் தட்டின் நெளிவை விரலால் நிமிர்த்தப் பார்த்தார். “என்ஜின் ரூம் தண்ணி மட்டத்துக்குக் கீழதான் இருக்கும். ஜன்னல் கிடையாது. இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் போகும், சத்தம் மட்டும் வரும். ஒரு நட்டு லூஸானாலும் அந்தச் சத்தம் மாறும். அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். தூக்கத்துலயும் கேட்கணும். இங்கேயும் அந்தச் சுவரு வழியா அதே சத்தம். படுத்தா, எங்கேயோ என்னமோ கெட்டுப்போச்சு, எழுந்து போய்ப் பாருடான்னு உடம்பு சொல்லுது.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. காதில் சத்தம். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலிருந்தது.

“அப்போ இந்தச் சத்தம்?” என்று எதிரே கையைக் காட்டினார்.

சீஃப் கேட்டார். சுவரும் கண்ணாடியும் நடுவில் இல்லாமல், அலை வந்து நுரை கலைந்து சுருள் சுருளாகத் திரும்பும் சத்தம்.

“இது வேற” என்றார் ஒருவழியாக. “இதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்ல.”

வீட்டுக்கு வந்து ஜன்னல்களைத் திறக்க அரைநாள் ஆயிற்று. ஒட்டிய ரப்பர் பட்டை லேசில் உரிந்து வரவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடல் பக்கத்து அறையில் சும்மா படுத்த மனுஷர், விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. அக்கா இரண்டு தடவை போய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு கடிதம் அனுப்பினார். அதிகாலையில் பாத்திரம் தட்டி அமைதியைக் குலைத்ததாக ஆறு வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்களாம், விளக்கம் தேவையாம். சீஃப் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘மூடுபனியில் நங்கூரமிட்ட கப்பல் நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வேண்டும் என்பது கடல் விதி. சங்க விதியில் இதற்கு மாற்று ஏதும் காணப்படவில்லை.’ செயலாளர் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டுப் போனார். நீச்சல் டீச்சர் மட்டும் சமாதானமாகவில்லை. விடுப்பிலிருந்து வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, குழந்தைகளை அதட்டும் அதே குரலில் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்தாள். ஒரு வாரம் பேசவும் இல்லை. அதற்குத் தண்டனை போல, எட்டாம் நாள் சீஃபையும் குளத்தில் இறக்கினாள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்று அவர் கெஞ்சியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் இருவரும் உல்லாசப் படகில் ஏறினார்கள். வார நாள் என்பதால் கூட்டமில்லை. ஒரு பள்ளிக்கூட ஜோடியும், தூங்கும் குழந்தையோடு ஒரு தாயும்தான். அக்கா நடுவில் உட்காரலாம் என்றார். சீஃப் கேட்காமல் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு திட்டைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து நீலமாகியது.

“அங்க பாரேன், அங்க பாரேன்” என்று அவர் ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே வந்தார். “அது என்ன பறவை? அது ஏன் ஒரே இடத்துல நிக்குது?”

“எனக்கென்னங்க தெரியும்?” என்றார் அக்கா.

சீஃப் படகோட்டியிடம் போய்க் கேட்டார். படகோட்டிக்கும் பறவையின் பெயர் தெரியவில்லை. மீன் இருக்கிற இடத்தின் மேலேதான் அது அப்படி நிற்கும் என்று மட்டும் சொன்னார். சீஃப் அதை ஏதோ பெரிய ரகசியத்தைக் கேட்டுக்கொள்கிறவர் போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“சாருக்குக் கடல் புதுசா?” என்று படகோட்டி அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க” என்றார் அக்கா. “இப்போதான் பார்க்கிறாரு.”

“வெயில் ஏறுது. அடுத்த தடவை தொப்பி கொண்டுவரச் சொல்லுங்க.”

அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் போய் அவர் பக்கத்தில் நின்றார். பறவை அப்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பிறகு இறக்கையை மடக்கி, நேராகத் தண்ணீருக்குள் விழுந்தது. இரண்டு பேரும் அது வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.